கட்டைவிரல் நகத்தளவுக் கல்: உரோமக் காலத்து எகிப்தியத் தாயத்து மணிகளைப் படிப்பது எப்படி?

கருஞ்சாம்பல் நிறம், உலோகம் போன்ற மினுக்கம், கட்டைவிரல் நகத்தளவு. அந்தக் கல்லில் கவிழ்த்து வைத்த குடம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். குடத்தின் வாய்க்கு நேர் கீழே பல் வைத்த ஒரு சாவி. குடத்தின் மேல் எகிப்தியத் தேவி ஐசிஸும் வேறு சில தெய்வங்களும் எறும்பளவில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எல்லோரையும் வளைத்துக்கொண்டு, தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள் ஓடுகின்றன. கூட்டிப் படித்தால் கிரேக்கத்திலும் பொருள் வராது.

குடம் என்பது கருப்பை. சாவி அதைப் பூட்டி வைக்கவும், உரிய நேரத்தில் திறக்கவும். உதிரப்போக்கு நிற்க வேண்டும், கரு தங்க வேண்டும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் உரோமப் பேரரசில் பெண்கள் இப்படிப்பட்ட கற்களை உடம்பில் அணிந்துகொண்டார்கள். லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களின் பெரிய சேகரிப்புகளில் இந்த வகைக் கற்கள் நிறையவே இருக்கின்றன.

இவற்றைப் படிக்கப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எகிப்தியச் சித்திர எழுத்தும் வேண்டாம். பார்க்கும் வரிசைதான் முக்கியம். உருவத்தைக் கண்டதும் "இது எந்தச் சாமி?" என்று தேடத் தொடங்குவது எல்லோருக்கும் இயல்பு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். கடைசியில் கையில் இருந்தது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும். அந்தக் கல் எதற்காக இருந்தது என்பது புரியவே இல்லை. இப்போது பெயரைத் தள்ளிப்போடுகிறேன். முதலில் எழுத்து ஓடும் திசை, பிறகு கல், பிறகு உருவம், அதன் பிறகே எழுத்துகள் சொல்வது என்ன என்ற கேள்வி.

பின்னணி, சுருக்கமாக

கி.மு. 30-இல் எகிப்து, பின்னாளில் உரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸின் கைக்கு வந்தது. ஐசிஸ் வழிபாடு அதற்கு முன்பே இத்தாலியை எட்டியிருந்தது. இத்தாலியின் பாம்பேய் நகரில் ஐசிஸ் கோயில் கி.பி. 62-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து, எடுத்துக் கட்டப்பட்டது. உரோமிலேயே பெரிய ஐசிஸ் கோயில் இருந்தது, கி.பி. 80-இல் தீப்பற்றிய பிறகு பேரரசன் தொமிஷியன் அதைப் புதுப்பித்தான். ஆகவே எகிப்தியத் தெய்வம் செதுக்கிய கல் எகிப்தில்தான் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாயத்து வகைக் கற்களில் பெரும்பாலானவை கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

முதல் படி: பார்க்க ஓர் இடம் பிடியுங்கள்

கல்லை நேரில் பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும்போதும் ஒரு பக்கம்தான் தெரியும். தொடங்குபவர்களுக்கு இணையமே நல்ல இடம். புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகம் நடத்தும் கேம்பெல் பான்னர் தரவுத்தளத்தை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் தனி எண், படம், எழுத்துப் பெயர்ப்பு எல்லாம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த கேம்பெல் பான்னர் 1950-இல் இந்தக் கற்களைப் பற்றி வெளியிட்ட நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். தரவுத்தளத்துக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: படத்தைப் பெரிதாக்கும் முன் அளவைப் படியுங்கள். திரையில் தட்டு அளவுக்குத் தெரிகிற உருவம் உண்மையில் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. அதை மறந்தால் "இவ்வளவு கரடுமுரடாகச் செதுக்கியிருக்கிறார்களே" என்று கைவினைஞர்மேல் அநியாயமாகக் குறை சொல்லிவிடுவோம்.

இரண்டாம் படி: முத்திரையா, தாயத்தா?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முத்திரை மோதிரத்தின் கல், மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்துவதற்கு. அதனால் எழுத்து கல்லில் இடவலம் மாறி இருக்கும். அழுத்தினால்தான் நேராக வரும். தாயத்துக் கல்லை யாரும் எதிலும் அழுத்துவதில்லை. அதில் எழுத்து கல்லிலேயே நேராக இருக்கும். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் தொடக்கத்தில் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

எழுத்து இல்லாவிட்டால் கல்லைத் திருப்பிப் பாருங்கள். முத்திரைக் கல்லின் பின்பக்கம் மோதிரத்துக்குள் மறைந்துவிடும். அங்கே செதுக்க வேண்டிய தேவை இல்லை. தாயத்துக் கல்லில் பின்பக்கமும் செதுக்கியிருக்கும். சிலவற்றில் சாய்வாகச் சீவிய விளிம்பிலும் எழுத்து ஓடும். அணிபவர் கண்ணுக்கே படாத பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றால், அது மனிதர் படிப்பதற்காக எழுதியதல்ல. தெய்வத்துக்காகவும், உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதற்காகவும் எழுதியது. இந்தக் கற்களின்மேல் எனக்குப் பிடிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

இங்கே நாம் தவறி விழக்கூடிய ஒரு பள்ளமும் உண்டு. பழைய நூல்கள் பலவற்றில் கல்லின் படத்துக்குப் பதில் அதை அழுத்தி எடுத்த சாந்து அச்சின் படத்தைப் போட்டிருப்பார்கள். அச்சில் எல்லாம் இடவலம் மாறிவிடும். உருவம் குழிந்திருந்தால் அது கல். புடைத்திருந்தால் பெரும்பாலும் அச்சு. கேமியோ என்னும் புடைப்புச் செதுக்கல் தனி வகை. அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் படி: கல்லைப் பாருங்கள்

உருவத்துக்குக் கல்லா, கல்லுக்கு உருவமா என்று கேட்டால் இரண்டுமே. அழகுக்காக மட்டும் நிறம் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல இவர்கள். கருப்பைக் கற்களில் பெரும்பான்மை ஹெமடைட். கருஞ்சாம்பலாக இருக்கும் அந்தக் கல்லை அரைத்தால் பொடி சிவப்பாக வரும். கிரேக்க மொழியில் இரத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. உதிரப்போக்கைக் கட்டுப்படுத்த அந்தக் கல் என்ற எண்ணம் அங்கிருந்துதான். பட்டியல்களில் ஹெமடைட் என்று பதிந்திருப்பவற்றில் சில உண்மையில் மேக்னடைட், அதாவது காந்தக்கல். பற்றி இழுத்து நிறுத்தும் கல் என்பதால் அதுவும் பொருத்தம்தான்.

வயிற்று வலிக்கான கற்களில் பச்சை ஜாஸ்பரும் பச்சை சாயலுள்ள கால்சிடனியும் அடிக்கடி வரும். தேளுருவம் மஞ்சள் ஜாஸ்பரில் அதிகம். சிவப்புப் புள்ளி தெறித்த பச்சைக் கல்லுக்கு ஹெலியோட்ரோப் என்று பெயர். சூரியனோடு தொடர்புள்ள உருவங்களுக்கு விரும்பி எடுத்தார்கள். சராபிஸ் தலையோ ஐசிஸ் தலையோ தனியாக வரும் முத்திரைக் கற்கள் பல சூதுபவளத்தில் இருக்கும்.

செதுக்கிய முறையும் கண்ணில் பட வேண்டும். வில்லால் சுழற்றும் உலோக முனை. அதன் நுனியில் எண்ணெயில் குழைத்த சாணைப்பொடி. கல்லை அறுத்தது அந்தப் பொடிதான். கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவில் கிடைத்த எமரி என்னும் சாணைக்கல் பெயர்பெற்றது. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் ஜாஸ்பரும் சூதுபவளமும் 7-க்குப் பக்கம். எமரியில் உள்ள குருந்தம் 9. ஹெமடைட் இவற்றைவிட மென்மை. உருட்டு முனை பட்ட இடம் குழிப்புள்ளியாகவும், தட்டை முனை பட்ட இடம் நீண்ட கீறலாகவும் தெரியும். மூட்டுகளில் புள்ளி, கைகால்களுக்குக் கீறல் என்று சில உருவங்கள் குச்சி பொம்மைபோல் இருப்பது இதனால்.

கல் வந்த வழியையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சூதுபவளத்திலும் அடுக்குநிறக் கற்களிலும் நல்ல தரம் இந்தியாவிலிருந்து போனது. பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று உரோம எழுத்தாளர் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலின் 37-ஆம் புத்தகத்தில் எழுதுகிறார். பெரிலுக்குப் பெயர்போன படியூர் நம் கொங்கு நாட்டில் இருக்கிறது. அந்தச் சரக்கு எகிப்துக்குள் நுழைந்தது செங்கடல் துறைகள் வழியாக. அவற்றில் ஒன்றான குசைர் அல்-கதீமில்தான் 'பானை ஒறி' என்று தமிழி எழுத்தில் பொறித்த பானை ஓடு கிடைத்தது. உங்கள் முன்னால் இருக்கும் கல் அப்படி வந்ததுதான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கல்லின் ஊர் வேறு, செதுக்கியவரின் ஊர் வேறாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைக்க இது போதும்.

நான்காம் படி: உருவம், தலையிலிருந்து தொடங்கி

எகிப்தியத் தெய்வங்களைத் தலையணியை வைத்து அடையாளம் காண்பதுதான் எளிது. தலையில் தானிய அளவைப் பாத்திரம், தாடி, முகம் கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான ஜூஸ்போல் இருந்தால் சராபிஸ். தாலமி அரசர்கள் காலத்தில் அலெக்ஸாந்திரியாவில் உருப்பெற்ற தெய்வம். கிரேக்க முகமும் எகிப்திய வேரும் கொண்டவர். கொம்புகளுக்கு நடுவே வட்டமும் இறகுகளும், மார்பில் முடிச்சிட்ட ஆடை, கையில் சிஸ்ட்ரம் என்னும் கிலுகிலுப்பை என்றால் ஐசிஸ். அவளே கையில் சுக்கானும் வளக்கொம்பும் ஏந்தினால் கிரேக்கர்களின் நற்பேற்றுத் தேவியோடு ஒன்றாகிவிட்டாள் என்று கொள்ளுங்கள். நரித்தலை அனுபிஸ். அவர் கையில் கிரேக்கத் தெய்வம் ஹெர்மெஸின் பாம்புக்கோல் இருந்தால் வியப்பு வேண்டாம். இறந்தவரை அழைத்துச் செல்வது இரண்டு பேருக்கும் பொது வேலை. துணி சுற்றிய பிணவுரு ஓசிரிஸ். மனிதத் தலை வைத்த குடமாகவும் அவர் வருவார்.

இரண்டு உருவங்களிடம் மட்டும் நிறைய நேரம் செலவிடச் சொல்வேன்.

ஒன்று, தாமரையில் அமர்ந்த குழந்தை. கிரேக்கர்கள் ஹார்பொக்கிராட்டிஸ் என்று அழைத்த குழந்தை ஹோரஸ். விரல் வாயருகே இருக்கும். எகிப்தியச் சித்திர எழுத்தில் குழந்தை என்ற குறியே வாயில் கை வைத்த பிள்ளைதான். கிரேக்க, உரோமக் கண்களுக்கு அது "பேசாதே" என்ற சைகையாகப் பட்டது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதை மௌனத்தின் அடையாளம் என்றே விளக்குகிறார். ஒரே விரல், இரண்டு வாசிப்பு. ஆகவே விளக்கம் எழுதும்போது "மௌனத் தெய்வம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தாமரை விடியலில் விரியும். குழந்தை புதிதாய் உதிக்கும் சூரியன். பல கற்களில் அவர் பாப்பிரஸ் நாணல் படகில் இருப்பார். சுற்றிலும் விலங்குகள் மும்மூன்றாக வணங்கி நிற்கும்: மூன்று சாணவண்டு, மூன்று வல்லூறு, மூன்று முதலை, மூன்று பாம்பு, மூன்று ஆடு. எண்ணிப் பாருங்கள். விரற்கடையளவுக் கல்லில் உலகத்து உயிர்களெல்லாம் விடியலைக் கும்பிடுகின்றன.

மற்றது, சிங்கத் தலைப் பாம்பு. தலையைச் சுற்றிப் பெரும்பாலும் ஏழு கதிர்கள். உடல் சுருண்டு நிமிர்ந்திருக்கும். பெயர் க்னூபிஸ். ஆண்டைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்த 36 எகிப்திய நாள்விண்மீன் கூட்டங்களில் ஒன்றிலிருந்து பிறந்த உரு. ஆட்டுத்தலைக் கடவுள் க்னூமோடு இதைக் குழப்பிக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. பின்பக்கத்தில் மூன்று வளைகோடுகளைக் குறுக்குக்கோடு ஒன்று வெட்டும் குறி இருந்தால் சந்தேகமே வேண்டாம், க்னூபிஸ்தான்.

இந்தக் கல்லைப் பற்றி நேரடிச் சாட்சி ஒருவர் இருக்கிறார்: கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பெரும் மருத்துவர் கேலன். பச்சை ஜாஸ்பரில் கதிர் சூடிய பாம்பைச் செதுக்கி அணியச் சொன்னதாக நெகெப்சோஸ் என்ற அரசர் பெயரில் வழங்கிய ஏட்டை அவர் குறிப்பிடுகிறார். பிறகு தானே சோதித்துப் பார்த்ததாகச் சொல்கிறார்: சிறு ஜாஸ்பர் கற்களைக் கோத்து, இரைப்பையின் வாயைத் தொடும்படி கழுத்திலிருந்து தொங்கவிட்டாராம். செதுக்கல் இல்லாமலும் கல் அதே பலன் தந்தது என்பது அவர் முடிவு. பாம்பை மறுத்தார், கல்லை நம்பினார். மூன்றாம் படியை நான்காவதற்கு முன் வைத்ததற்கு எனக்குக் கேலன்தான் ஆதாரம்.

சேவல் தலை, போர்க்கவசம், பாம்புக் கால்கள், கையில் சாட்டையும் கேடயமும் கொண்ட உருவமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எகிப்தியத் தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே வந்தாலும் எகிப்தியக் கோயில் எதிலும் அது கிடையாது. குறிப்பேட்டில் தனிப் பக்கம் கொடுங்கள். வாலைக் கவ்விய பாம்பு மட்டும் மிகப் பழையது, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் துட்டன்காமன் கல்லறைப் பேழையிலேயே இருக்கிறது.

ஐந்தாம் படி: எழுத்துகள்

எகிப்தியத் தெய்வம் என்றதும் சித்திர எழுத்தைத் தேடாதீர்கள். இந்தக் கற்களில் அது அரிது, எழுத்து கிரேக்கம். 24 எழுத்துகளை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். சிக்மா நூலில் இருப்பதுபோல் இராது, பிறை போலத் திறந்த வளைவாக இருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுத்துத் தொடர்களை நான்கு கூடையில் போடலாம். ஏழு உயிரெழுத்துகள் வரிசையாகவோ கலைந்தோ வருவது முதல் கூடை. க்னூபிஸின் ஏழு கதிர்களுக்கும் கதிருக்கொன்றாக அவை வருவதுண்டு. இரண்டாவது, தெய்வப் பெயர்கள். 'இயாஓ' என்பது யூதர்களின் கடவுள் பெயர் கிரேக்க வாயில் புகுந்த வடிவம். 'அப்ரசக்ஸ்' என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரேக்க எழுத்து ஒவ்வொன்றும் எண்ணும்கூட: 1, 2, 100, 1, 200, 1, 60. கூட்டினால் 365, ஓர் ஆண்டின் நாட்கள். மூன்றாவது, பொருள் தேடக்கூடாத மந்திரத் தொடர்கள். 'அப்லநதநல்ப' என்று வரும் தொடர் கிரேக்க எழுத்தில் எந்த முனையிலிருந்து படித்தாலும் ஒன்றே, நம் மாலைமாற்றுபோல. கருப்பைக் கற்களில் 'ஒரோரியூத்' என்ற சொல் வரும். அதைக் கண்டாலே கல்லின் பயன் தெரிந்துவிடும். அதை மொழிபெயர்க்க மெனக்கெட வேண்டாம், எழுத்துக்கு எழுத்து பெயர்த்து எழுதினால் போதும்.

நான்காவது கூடைதான் எனக்கு நெருக்கமானது: நேரடிக் கட்டளைகள். பலிபீடத்தருகே ஐபிஸ் கொக்கு நிற்கும் ஹெமடைட் கற்களில் 'செரிக்கச் செய்' என்று ஒற்றைச் சொல். சில கருப்பைக் கற்களில் 'கருப்பையே, சுருங்கு'. சராபிஸ் கற்களில் 'ஜூஸ் சராபிஸ் ஒருவரே' என்ற முழக்கம். இவை சாதாரணக் கிரேக்கம், அகராதியில் கிடைக்கும்.

முனைகளில் சிறு வட்டம் வைத்த கோடுகளும் நட்சத்திரங்களும் எந்த மொழியின் எழுத்தும் அல்ல. மந்திரக் குறிகள். வரைந்துகொண்டு மேலே செல்லுங்கள்.

ஆறாம் படி: செய்முறை ஏட்டோடு ஒப்பிடுங்கள்

கல்லைச் செய்தவர்கள் கையில் ஏடுகள் இருந்தன, அவற்றில் சில நமக்கும் கிடைத்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி அனஸ்தாசி என்ற வணிகர் வழியாக எகிப்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கிரேக்க மந்திரப் பாப்பிரஸ் ஏடுகள் அவை. லண்டனில் உள்ள ஒன்று, மரகதத்தில் சாணவண்டைச் செதுக்கி, துளையிட்டுப் பொற்கம்பி கோத்து, வண்டின் அடிப்பக்கத்தில் ஐசிஸைச் செதுக்கச் சொல்கிறது. நெதர்லாந்தின் லெய்டனில் உள்ள ஏடு, ஹெலியோட்ரோப் கல்லில் வாலைக் கவ்விய பாம்பும், அதன் வட்டத்துக்குள் கதிர் சூழ்ந்த சாணவண்டும் வைக்கச் சொல்கிறது. கல், உருவம், பின்பக்கத்தில் எழுத வேண்டிய பெயர், மூன்றும் ஒரே குறிப்பில் இருப்பதைக் கவனியுங்கள். ஏட்டில் உள்ளது அப்படியே கல்லில் கிடைப்பது குறைவு. ஒப்பிடும்போது வேறுபாட்டையும் குறித்து வையுங்கள்.

ஏழாம் படி: சந்தேகப்படுங்கள்

பெரும்பாலான கற்களுக்குக் கண்டெடுத்த இடம் தெரியாது. கைமாறிக் கைமாறி அருங்காட்சியகம் வந்தவை. மறுமலர்ச்சிக் காலத்திலிருந்தே சேகரிப்பாளர்களுக்கு இவற்றின்மேல் ஆசை, ஆசை இருந்த இடத்தில் போலியும் பெருகியது. எழுத்து எல்லாம் ஒரே உயரத்தில் அச்சடித்ததுபோல் இருந்தால், ஒன்றோடொன்று சேராத ஐந்தாறு தெய்வங்கள் ஒரே கல்லில் குவிந்தால், நின்று யோசியுங்கள். பழைய பட்டியல்களில் இவற்றை எல்லாம் 'ஞானவாதிகளின் மணிகள்' என்று, அந்தக் காலத்துச் சமயக் குழு ஒன்றின் பெயரால் போட்டிருப்பார்கள். அப்ரசக்ஸ் பெயரை வைத்துப் பிறந்த அந்த வகைப்பெயரை இன்றைய ஆய்வு கைவிட்டுவிட்டது.

சந்தையில் வாங்கிப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல போலி, மற்றவற்றில் சில தோண்டித் திருடியவை. படித்துப் பழகத் தரவுத்தளத்தில் இருப்பதே ஓர் ஆயுளுக்குப் போதும்.

எட்டாம் படி: நீங்களே எழுதுங்கள்

முதலில் சொன்ன கருப்பைக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் கல்லும் நிறமும் அளவும். அடுத்த வரியில் எழுத்து நேராக ஓடுகிறதா, இடவலம் மாறியா. பிறகு முன்பக்க உருவங்கள், மேலிருந்து கீழாக. சாவியின் பற்களை எண்ணி எழுதுங்கள், ஏழாக இருந்தால் அது தற்செயலாக இராது. பிறகு பின்பக்கம், விளிம்பு. பிறகு எழுத்துகள், உள்ளபடி. விளிம்பும் உயர்ந்த பாகங்களும் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். தேய்மானம் இருந்தால் நெடுநாள் உடம்போடு இருந்திருக்கக்கூடும்.

எதற்காக என்ற வரியை எழுதும்போது எபேசஸ் ஊர் சொரேனஸை நினைத்துக்கொள்வேன். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமில் மகளிர் மருத்துவம் பார்த்தவர். உதிரப்போக்குக்குத் தாயத்துக் கட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தடுக்க வேண்டாம் என்கிறார்: தாயத்து ஒன்றும் செய்யாவிட்டாலும் அது தரும் நம்பிக்கையால் அந்தப் பெண்ணின் மனம் தெம்படையலாம்.

கடைசி வரி, அணிந்தவர் யார். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். சில கற்களில், மந்திரச் சொற்களுக்கு நடுவே, 'இன்னாள் பெற்ற இன்னார்' என்று தாய் பெயரோடு ஒரு மனிதப் பெயர் ஒளிந்திருக்கும். கிடைத்தால் அதை முதல் வரிக்கு ஏற்றுங்கள்.